ஆள் தூங்கும் வீடுகள்

ஜூன் 3, செவ்வாய்

பக்கத்து வீட்டு தனுஷ்கோடி இன்று காலை குடும்பத்தோடு காலி செய்துகொண்டு போனார். முப்பத்தொரு வருடம் எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் என் மனைவி மங்கை இங்கே உலை வைப்பாள். சாமான் ஏற்ற முக்கால் மணி நேரம்தான் ஆயிற்று. வீட்டை நவநீதனுக்கு விற்றுவிட்டார். நவநீதன் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரி. வாளி, குடம், நாற்காலி. எங்கள் வளையல்காரர் சந்தில் அவருக்கு இது நாலாவது குடோன்.

கீழ ஆவணி மூல வீதியிலிருந்து பிரிந்து, நடுவில் முழங்கைபோல மடங்கி, அந்தப் பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும் சந்து இது. இருபத்திரண்டு வீடு. தொலைபேசி இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்த புதிதில் இந்த இருபத்திரண்டு வீட்டுக்கும் கம்பி இழுத்தவன் நான். எந்த வீட்டில் எந்தச் சுவர் ஈரம் இழுக்கும், எந்த வீட்டு உத்தரத்தில் ஆணி இறங்காது என்று இன்றைக்கும் சொல்வேன். இப்போது ராத்திரியில் ஆள் தூங்கும் வீடு எங்களுடையதையும் சேர்த்து ஒன்பது. மற்றதெல்லாம் குடோன், லாட்ஜ், நகைப்பெட்டி செய்யும் இடம்.

குடியிருப்போர் சங்கத்துக்கு ஆறு வருடமாக நான்தான் செயலாளர். தனுஷ்கோடி பொருளாளர். அந்த இடத்துக்கு இனி ஆள் பார்க்க வேண்டும்.

மாலையில் நவநீதன் வந்தார். மங்கை காய்கறி வாங்கப் போயிருந்தாள். சும்மா பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

ஜூன் 5, வியாழன்

மாடிப்படி பதினான்கு. இடது முழங்கால் வலி.

ஜூன் 9, திங்கள்

கண் டாக்டரிடம் போவதாக மங்கையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டாக்டரிடம் கூட்டமாக இருக்கும் என்று தோன்றியதால் அப்படியே பஸ் ஏறி ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு நகர் வரைக்கும் போய்வந்தேன். புது வீடுகள். தரைத்தளம் மட்டும். வாசலில் கார் நிறுத்த இடம். பன்னிரண்டு மணிக்குத் தெருவில் ஒரு சத்தமில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். காட்டிய ஆள் "குடுத்து வச்சவுகதான் சார் இங்கிட்டு வருவாக" என்றார். பார்த்ததில் தப்பில்லை. வாங்கப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பும்போது சந்துக்குள் மினி லாரி. சுவரோடு ஒட்டி நடந்ததில் சட்டைத் தோளெல்லாம் சுண்ணாம்பு.

"டாக்டரு என்ன சொன்னாரு?" என்றாள் மங்கை.

"பவர் மாறலையாம்."

ஜூன் 13, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலை பதினொன்றரைக்கு எதிர் வீட்டு சுலைகா "அண்ணே! அண்ணே!" என்று கத்தினாள். அவள் தகப்பனார் காதர் மைதீன் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்து நாலு வயது. ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் சந்து முனையில் நின்றுவிட்டது. உள்ளே நவநீதனின் மினி லாரி, அதன் பின்னால் இன்னொன்று. முதல் வண்டியின் டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தான். ஸ்ட்ரெச்சரைக் கொண்டு வர முடியவில்லை. வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில்தான் போக முடியும்.

சுமை தூக்கும் இருளாண்டிதான் முதலில் ஓடி வந்தவன். லாரியில் இருந்த நாற்காலிக் கட்டைப் பிய்த்து ஒரு சிவப்பு நாற்காலியை உருவினான். அதில் காதர் அண்ணனை உட்காரவைத்துத் துண்டால் கட்டினோம். இருளாண்டியும் இன்னொருவனும் முன்னால், சுலைகாவும் நானும் பின்னால். தலைக்குமேல் தூக்கி, லாரியின் மீதே ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கினோம். அவருடைய செருப்பு ஒன்று லாரிக்கு அடியில் விழுந்தது. நான் அழுதிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை, மங்கை சொல்லித்தான் தெரியும்.

பெரியாஸ்பத்திரியில் சுலைகாவிடம் கேட்டிருக்கிறார்கள், "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்று.

ஜூன் 15, ஞாயிறு

உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையும் பேச்சும் இல்லை.

மாலை ஐந்து மணிக்கு எங்கள் மொட்டைமாடியில் கூட்டம். எட்டுப் பேர் வந்தார்கள். சுலைகா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தாள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். கூட்டத்தில் வாய் திறக்கமாட்டாள். இன்று அவள்தான் பேசினாள்.

"அண்ணே, இனிமே பகல்ல ஒரு லாரி இந்தச் சந்துக்குள்ள வரக்கூடாது. இன்னொரு வீடு குடோனா மாறக்கூடாது. மாநகராட்சிக்கு எழுதுங்க. நீங்க எழுதுனாத்தான் படிப்பாங்க."

எழுதினேன். மூன்று முறை திருத்தினேன். 'இது மனிதர் வாழும் இடம், சரக்கு வாழும் இடமன்று' என்ற வரியை வாசித்தபோது கைதட்டினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

மங்கை காபி கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். எதற்காக என்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

நவநீதனைக் கடையில் போய்ப் பார்த்தேன். வீட்டுப் பேச்சை இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் போனேன். அவர் லாரி விஷயத்துக்கு ரொம்ப வருத்தப்பட்டார். "பெரியவருக்கு அப்படி ஆனதுல எனக்கும் மனசு கேக்கல சார்" என்றார். பிறகு, "உங்களுக்கும் வயசாகுது. நாளைக்கு உங்களத் தூக்க ஆளு வேணாமா?" என்றார். அது சரிதான் என்று பட்டது. சந்தில் கடைசியாக இருக்கும் ஆள் நானாக இருந்துவிடக் கூடாது என்ற எண்ணம் இன்று நேற்று வந்ததில்லை.

ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். பதிவு எல்லாம் ஆவணியில்தான். அதற்குள் மனம் மாறினால் மாறலாம்.

மங்கையிடம் சமயம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

சுலைகாவும் நானும் மண்டல அலுவலகம் போனோம். உதவிப் பொறியாளர் ஒரு பெண். மனுவை முழுக்கப் படித்தார். அந்த வரியை இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன்.

"சார், நீங்க குடியிருப்புன்னு சொல்றீங்க. குடோன்காரங்க கடைத் தெருன்னு சொல்றாங்க. நான் வந்து பாக்கறேன். பாதிக்கு மேல வீட்ல ஆளு குடியிருந்தா உங்க மனுவ மேல அனுப்புவேன். இல்லேன்னா முடியாது."

ஜூலை எட்டாம் தேதி வருவதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் சுலைகா கேட்டாள். "ஒம்போதுதானேண்ணே இருக்கு?"

"ஆமாம்மா."

அவள் பஸ்ஸில் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள்.

ஜூன் 27, வெள்ளி

சுலைகா என்னைக் கூட்டிக்கொண்டு சந்து முழுக்க ஏறி இறங்கினாள். முழங்காலை நினைக்கவில்லை.

ஆறாம் எண்ணில் கீழே நகைப்பெட்டிப் பட்டறை. மேலே நான்கு நர்ஸ் பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், இரண்டு வருடமாக! நான் அவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் யாரையோ பார்க்க வருபவர்கள் என்று நினைத்திருந்தேன். பத்தொன்பதாம் எண் லாட்ஜின் பின்கட்டில் வாட்ச்மேனும் அவர் மனைவியும் அடுப்பு வைத்துக் குடித்தனம் நடத்துகிறார்கள். பதினொன்றாம் எண், நவநீதனின் முதல் குடோன். அதன் மாடியில் இருளாண்டியும் இன்னும் ஐந்து பேரும் இருக்கிறார்கள். பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, சுவரில் ஒரு கண்ணாடி, கயிற்றில் துணி. ஒன்பது வருடமாம்.

"நீங்களும் குடியிருக்கீங்கன்னு சொல்லணும்" என்றாள் சுலைகா.

இருளாண்டி என்னைப் பார்த்தான். "சாரு, நாங்க தெருக்குழாயில குளிக்கிறோம்னு நீங்கதான மனுக் குடுத்தீங்க?"

நான்கு வருடத்துக்கு முன் கொடுத்தேன். உண்மைதான்.

"லாரிய முனையில நிப்பாட்டுனா நாங்கதான் அம்புட்டையும் தலைச்சுமையாக் கொண்டாரணும். இடுப்பு ஒடிஞ்சுரும்" என்றான். பிறகு, "நாங்க குடியிருக்கிற ஆளுன்னா, குழாய்த் தண்ணியும் எங்களுக்கு உண்டுல்ல?" என்று கேட்டான்.

"உண்டு" என்றாள் சுலைகா, என்னைக் கேட்காமலே.

"அப்பச் சரி."

ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு. பாதிக்கு மேல் ஒன்று. சுலைகாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "சரியா இருக்குண்ணே! ஒண்ணு கொறைஞ்சாலும் போச்சு, ஆனா சரியா இருக்கு!"

சாப்பாடு இறங்கவில்லை. வெயிலில் அலைந்ததால் இருக்கும்.

ஜூலை 1, செவ்வாய்

மங்கை தூங்குகிறாள் என்று நினைத்து மதியம் பீரோவின் அகலத்தை டேப் வைத்து அளந்தேன்.

"எதுக்கு அளக்கறீங்க?"

"சும்மாத்தான். பின்னாடி எலி போகுது."

"எலிக்கு அளவெடுக்கறீங்களாக்கும்" என்று திரும்பிப் படுத்தாள்.

ஜூலை 4, வெள்ளி

நவநீதன் போன். எட்டாம் தேதி என்ன சொல்லப் போகிறீர்கள் என்றார். ஒன்றும் சொல்லப் போவதில்லை என்றேன். "நல்லது சார்" என்றார். இரண்டு பேரும் ஒரே அர்த்தத்தில் பேசினோமா தெரியவில்லை.

மாடிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது.

ஜூலை 5, சனி

காதர் அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஏதோ சொன்னார். புரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பத்து மணிக்குப் பொறியாளர் வந்தார். கையில் பலகை, அதில் தாள். வீடு வீடாக ஏறினார். நர்ஸ் பெண்களில் ஒருத்தி விடுப்புப் போட்டுவிட்டு நின்றாள். வாட்ச்மேனின் மனைவி அடுப்பைக் காட்டினாள். இருளாண்டி சலவைச் சட்டை போட்டிருந்தான். "ஒம்போது வருசமா இங்கதான் மேடம் படுக்கிறோம். ஓட்டுகூட இங்கதான்" என்றான். பொறியாளர் எழுதிக்கொண்டார். சந்தே அவருக்குப் பின்னால் நடந்தது. பதினொரு வீடு ஆயிற்று. கடைசியாக எங்கள் வீடு, பதினாலாம் எண்.

நவநீதன் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், இந்த வீட்ட நான் வாங்கிட்டேன். அக்ரிமெண்ட் இருக்கு. அடுத்த மாசம் குடோன்தான். இதக் குடியிருப்புன்னு எழுதுனா தப்பாயிரும்."

தாளை நீட்டினார். பொறியாளர் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பினார். "சார், இது உங்க கையெழுத்தா?"

அத்தனை பேரும் நின்றார்கள். ஆம் என்றேன்.

சுலைகா பக்கத்தில் வந்து தாளைப் பார்த்தாள். அவள் கையெழுத்தைப் பார்க்கவில்லை. தேதியைப் பார்த்தாள்.

"பத்தொம்போது" என்றாள். "அத்தா விழுந்தது பதிமூணு."

"அப்ப நீங்க இங்க இருக்கப் போறதில்லையா சார்?" என்றார் பொறியாளர்.

அப்போதுதான் மங்கை வாசற்படிக்கு வந்தாள். கையில் கரண்டி. அவளிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

"மேடம், நான் இந்த வீட்டுக்காரி. இன்னைக்கு இந்த வீட்ல சோறு வெந்துக்கிட்டு இருக்கு. வந்து பாருங்க. அவரு போறதா இருந்தா போகட்டும். நான் போறதா யாருகிட்டயும் கையெழுத்துப் போடல."

பொறியாளர் உள்ளே போய் அடுப்பையும், இரண்டு கட்டிலையும், கொடியில் கிடந்த துணியையும் பார்த்தார்.

"சார், பதிவாகலேல்ல?" என்று நவநீதனிடம் கேட்டார். "நான் இன்னைக்கு என்ன இருக்கோ அதத்தான் எழுதுவேன். பன்னெண்டு."

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள், தெருவில் கிடக்கும் மூட்டையைச் சுற்றிப் போவதுபோல.

ஜூலை 9, புதன்

மங்கை சாப்பாடு போட்டாள். பேசவில்லை.

ஜூலை 10, வியாழன்

அதேதான்.

ஜூலை 11, வெள்ளி

சுலைகா வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினை நிறுத்தவில்லை. அரை மணி நேரம் வாசலிலேயே நின்றேன். பிறகு அவளாகவே மெஷின் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அத்தாவத் தூக்குனப்ப அழுதீங்கள்ல. அது நெசமா?"

"நெசம்தாம்மா."

"ஆறு நாள் கழிச்சுக் கையெழுத்துப் போட்டீங்களே, அது?"

"அதுவும் நெசம்தான்."

"போகணும்னு நெனைக்கறது தப்பில்லண்ணே. எனக்கும் தோணாத நாளில்ல. இந்தப் படியில அத்தாவ எப்பிடி ஏத்தி எறக்குவேன்? என்கிட்டச் சொல்லிட்டுப் போயிருந்தா நானே சாமான் ஏத்த வந்திருப்பேன். மனுவ எழுதிக் குடுத்துட்டு, வாசிச்சுக் காட்டிட்டு, நேரா நவநீதன்கிட்டப் போயிருக்கீங்க."

மறுபடியும் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

செயலாளர் பதவியை விட்டுவிடுவதாக எழுதிய கடிதத்தை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

நவநீதனைப் பார்த்து ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

நேற்று எழுதியது சரியில்லை. நான் ரத்து செய்யவில்லை. போய் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்தான் மேசை இழுப்பறையிலிருந்து தாளை எடுத்தார். "குடியிருப்புத் தெருன்னு ஆர்டர் வரப்போகுது சார். இனி அந்த வீட்ட வாங்கி நான் என்ன செய்ய? குடோன் போட விடமாட்டாங்க. நீங்களே வச்சுக்கிருங்க" என்று கிழித்துப் போட்டார். அவர் கிழிக்காமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். தெரியவில்லை.

மங்கையிடம் முதலில் நான் ரத்து செய்ததாகத்தான் சொன்னேன். இன்று காலை உள்ளதைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒத்தக்கடைப் பக்கம் வீடு பாத்துட்டு வந்தீங்கள்ல" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கண் டாக்டர்கிட்டப் போனீங்கள்ல, அந்தப் பஸ் டிக்கெட் சட்டைப் பையில இருந்துச்சு. அதுக்கு முந்தியே தனுஷ்கோடி வீட்டம்மா போன்ல சொல்லிட்டாங்க, நவநீதன் உங்களையும் கேட்டாருன்னு. நீங்களாச் சொல்வீங்கன்னு ஒவ்வொரு நாளும் பாத்தேன்." கீரைக்காம்பை ஒதுக்கினாள். "என்கிட்டக் கேட்டிருந்தா நான் வரமாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டேன். எனக்கும் கால் வலிக்குது. இப்ப வரமாட்டேன்."

எட்டு நாளில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு இது.

ஜூலை 28, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. காலை ஏழு முதல் மாலை ஏழு வரை சரக்கு வண்டி சந்துக்குள் வரக்கூடாது. ஆறு மாதத்துக்கு மட்டும். பிறகு மறுபடியும் வந்து பார்ப்பார்களாம்.

பகலில் சந்து எவ்வளவு அகலம் என்பதை மறந்தே போயிருந்தேன். சுலைகா தகப்பனாரைச் சக்கர நாற்காலியில் வாசலில் உட்கார வைத்தாள். இருளாண்டி கைவண்டியில் சரக்கு இழுத்துக்கொண்டு போனான், "வழி விடுங்க பெரியவரே" என்று. அவர் இடது கையைத் தூக்கி, பஸ் டிரைவர் சைகை காட்டுவதுபோல, போ போ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சங்கக் கூட்டம் இன்று சுலைகாவின் மொட்டைமாடியில். புதுச் செயலாளர் அவள்தான். மங்கை நாலே முக்காலுக்குத் தலை வாரிக்கொண்டு கிளம்பினாள். வருகிறீர்களா என்று கேட்கவில்லை. எனக்குத் தகவலும் வரவில்லை. எதிர் வீட்டு மாடியில் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டது. நான் படித்த பேப்பரையே திரும்பப் படித்தேன். பேச்சு கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி எழுந்து மறுபடி குடித்தேன்.

ஐந்தரைக்கு இருளாண்டி வந்தான்.

"சாரு, அக்கா கூப்புடுது. கூட்டத்துல பேசுனத எழுத ஆளில்லையாம். உங்க கையெழுத்துத்தான் நல்லாருக்கும்னுச்சு." தலையைச் சொறிந்துகொண்டான். "பேச வேணாமாம். எழுத மட்டும் வரச் சொல்லுச்சு."

போனேன். பாயின் ஓரத்தில் இடம் விட்டிருந்தார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை, யாரும் எழுந்து போகவுமில்லை. நர்ஸ் பெண்கள் இரண்டு பேர், வாட்ச்மேனின் மனைவி, குடோன் மாடி ஆட்கள் ஆறு பேரும். என் ஆறு வருடத்தில் ஒரு கூட்டத்துக்குக்கூட இத்தனை பேர் வந்ததில்லை. பதினொன்றாம் எண் மாடிக்குக் குழாய் இணைப்புக் கேட்டு மனு. அதை வார்த்தை வார்த்தையாக சுலைகா சொல்ல, எழுதினேன். 'குளிக்கவும் குடிக்கவும்' என்றாள். இரண்டையும் போட்டேன். என் சொந்த வரி எதையும் சேர்க்கவில்லை.

பிறகு வந்தவர்கள் பெயர். வீட்டு எண் வரிசையில் சொல்லிக்கொண்டே வந்தாள். பதினாலு என்றதும் நிறுத்தினாள். நான் மங்கையர்க்கரசி என்று மட்டும் எழுதி, என் பெயரை எழுதாமல் அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தேன். அவள் தொடர்ந்தாள்.

இருபத்திரண்டு முடிந்ததும், "மொத்தம் எத்தன பேருண்ணே?" என்றாள்.

பட்டியலை எண்ணினேன். "இருபத்தாறு."

அவள் மாடியில் உட்கார்ந்திருந்தவர்கள் மீது ஒரு முறை கண்ணை ஓட்டினாள். என்னைப் பார்க்கவில்லை, என் மடியில் இருந்த நோட்டைத்தான் பார்த்தாள்.

"இருபத்தேழு. சரியா எண்ணி எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன்.